அப்பா நின்ற பள்ளி

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முதல் நாள், அப்பா வேலைக்குப் போக மாட்டார். பள்ளி வாசலுக்கு வெளியே நிற்பார். கடைசி மணி அடித்துப் பிள்ளை வெளியே வரும்வரை, நாள் முழுக்க, கால் கடுக்க நிற்பார். உட்காரக் கூடாது. டீ குடிக்கக்கூட எதிர்க்கடைக்கு நகரக் கூடாது. வகுப்பில் இருக்கிற பிள்ளை எப்போது எட்டிப் பார்த்தாலும் அப்பா தெரிய வேண்டும். அவ்வளவுதான். புகைப்படம் கிடையாது, இனிப்பு கிடையாது. மறுநாளிலிருந்து பிள்ளை தன் பாட்டுக்குப் போய்வர வேண்டியதுதான்.

யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய மாமனார் கிரேன் ஓட்டியவர். அவர் தன் மூத்த மகளுக்காக நின்ற நாளில் மழை கொட்டியிருக்கிறது. அந்த மகள்தான் அவளுடைய நாத்தனார், இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். குடும்பம் கூடும்போதெல்லாம் அந்தக் கதையை எடுத்துவிடுவாள்.

"எங்கப்பா நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறாரு. டீச்சருக்கே பொறுக்கலை. உள்ள வந்து நில்லுங்கன்னு கூப்பிடுறாங்க. உள்ள வந்தா என் பொண்ணு எப்படி என்னை எட்டிப் பார்ப்பாங்கிறாரு. அன்னிக்கு நான் ஒரு எழுத்து படிக்கலை. இவருக்குச் சளி பிடிக்குமா பிடிக்காதாங்கிறதுதான் எனக்குப் பாடம்."

"அதான் இன்னிக்கு பஸ் ஓட்டுற," என்பான் தம்பி.

"நீ பெரிய ராக்கெட் ஓட்டுற பாரு. நீயும் மேல கீழதானே போயிட்டு வர."

தம்பி, அதாவது அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் அவன் முதலில் கருவிப் பையைத் திறப்பதில்லை. எந்த மாடியில் நின்றிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்று பேசுவான். "நான் இங்கதான் நிக்கிறேன். பயப்படாதீங்க. சாப்பிட்டாச்சா?" ஆள் வெளியில் நிற்கிறான் என்று தெரிந்தாலே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி மூச்சு வந்துவிடும் என்பான். பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

முதலில் அவளுக்கு இந்த வழக்கம் சிரிப்பாக இருந்தது. அவளுடைய அப்பா அவளைப் பள்ளியில் விட்டபோது சைக்கிளைக்கூடச் சரியாக நிறுத்தவில்லை. இறங்கு என்றார், இறங்கினாள், திரும்பிப் பார்த்தால் சைக்கிள் தெருமுனையில் இருந்தது. "எங்க வீட்டு வழக்கம் அப்படி," என்று அவள் சொல்ல, லிஃப்ட்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் மகள் பிறந்த வாரமே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்: "சார், இவ ஸ்கூல் சேர்ற அன்னிக்கு எனக்கு லீவு வேணும். அப்புறம் ஆள் இல்லைன்னு சொல்லக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

மகளை அவர்கள் வாண்டு என்று கூப்பிட்டார்கள். வாண்டுக்குப் பள்ளியில் இடம் கிடைத்து, சீருடையும் வாங்கி வைத்த பிறகுதான் லிஃப்ட்காரனுக்கு வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. கணையத்தில் புற்று என்றார்கள். அவள் நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எண்களைப் படிக்கத் தெரியும். பரிசோதனை முடிவுகளை மருத்துவர் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. அவனுக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஒரு மதியம் வார்டில் அவன் கேட்டான்.

"ஸ்கூல் எப்ப திறக்குது?"

"திறக்கும் திறக்கும். நீங்க கொஞ்சம் தூங்குங்க."

"என்கிட்டயேவா? தண்ணியில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத அழுக்கையெல்லாம் கண்டுபிடிக்கிறவ நீ. டாக்டர் மூஞ்சியில இருந்தது உனக்குத் தெரியாமயா இருக்கும்?"

அவள் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவ நீவ அது திரும்பச் சுருங்கியது.

"ஒண்ணு பண்ணேன்," என்றான். "நம்ம வாண்டுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி திறக்கச் சொல்லேன்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நாத்தனார் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன், திறந்தா என்ன?" என்றாள். "பஸ் லேட்டாத்தான் வரணும்னு சட்டமா? சில நாள் முன்னாடியும் வந்து நிக்கும். நான் ஓட்டியிருக்கேன்."

அன்று சாயங்காலமே நாத்தனார் தலைமை நர்ஸிடம் போய் நின்றாள். அந்த நர்ஸ் நடந்து வந்தால் வார்டில் இருமல்கூட நின்றுவிடும். இவள் பயந்துகொண்டே பின்னால் போனாள். நர்ஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணுதான் சிஸ்டர்."

"ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிக் கிளாஸ் எடுக்கிறது? இன்னும் நாலு பேரைப் பிடிச்சுட்டு வாங்க."

வார்டின் கோடியில் உடற்பயிற்சி அறை இருந்தது. நோயாளிகள் நடை பழகுகிற இடம். சுவரில் வண்ணப் படங்கள், மூலையில் பெரிய ரப்பர் பந்துகள், கண்ணாடி பதித்த கதவு. அதுதான் வகுப்பு என்று முடிவாயிற்று. எல்லாம் கூடிவந்தது. ஒரு விஷயத்தில்தான் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை.

"வாண்டுகிட்ட இது விளையாட்டுன்னு சொல்லிடலாம்," என்றாள் அவள். "ஸ்கூல் விளையாட்டு. அப்பாவோட விளையாடுறோம்னு."

"வேணாம்."

"அவளுக்கு அப்புறம் குழம்பிடும்."

"விளையாட்டுன்னு சொன்னா அவ என்னைப் பார்த்துச் சிரிப்பா. முதல் நாள் எட்டிப் பார்க்கிற மாதிரி பார்க்க மாட்டா." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "நிஜம்னு சொல்லு. எனக்கு அந்தப் பார்வைதான் வேணும். வேற எதையாவது உன்கிட்டக் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். வலிக்கு மருந்துகூட அவனாகக் கேட்டதில்லை.

அவள் வேலையில் ஒரு விதி உண்டு. தண்ணீர் பிடிக்கும் முன்பே புட்டியில் எந்த இடம், எந்த நேரம் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். தப்பாக எழுதிய புட்டி என்று தெரிந்தால், உள்ளே தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். சிடுசிடு என்று சொல்வாள் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள்.

"சரி, நிஜம்னே சொல்றேன்," என்றாள்.

வாண்டு சீருடை போட்டுக்கொண்டு, தன் முதுகைவிட அகலமான பையைச் சுமந்துகொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது, "இங்கயா ஸ்கூல்?" என்று கேட்டாள்.

"இங்கதான் இருக்கு," என்றாள் அவள்.

நர்ஸ் அன்று தொப்பியைக் கழற்றிவிட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வகுப்பில் வாண்டோடு சேர்த்து ஐந்து மாணவர்கள். நாத்தனார் ஒரு குட்டை நாற்காலியில் முட்டி மேலே வர உட்கார்ந்திருந்தாள். தரை துடைக்கும் அம்மாவும் அவளுடைய தோழியும் வாளிகளை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அடுத்த வார்டில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த டாக்ஸி டிரைவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் கை கட்டுங்க," என்றாள் நர்ஸ்.

"டீச்சர், ஒண்ணுக்கு," என்று விரலை நீட்டினார் டாக்ஸி டிரைவர்.

"இப்பத்தானே வந்தே. உட்காரு."

"அவசரம் டீச்சர்."

"உட்காருன்னா உட்காரு."

வாண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள் இன்னும் முதல் வகுப்பிலேயே இருக்கிறாரே என்று அவளுக்குக் கவலையாகிவிட்டது. தன் பையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, டீச்சருக்குத் தெரியாமல் அவர் மடியில் வைத்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே லிஃப்ட்காரனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கண்ணாடிக் கதவுக்கு நேராக நிறுத்தியிருந்தார்கள். அவன் கீழே காலை ஊன்றினான்.

"உட்கார்ந்தே இருங்க. அது போதும்," என்றாள் அவள்.

"உட்காரக் கூடாது. எங்கப்பா கேள்விப்பட்டா சும்மா விட மாட்டாரு."

ஒரு கையால் மருந்து தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையை அவள் தோளில் போட்டுக்கொண்டான். எழுந்து நின்றான். ஒரு காலத்தில் லிஃப்டைச் சமன் செய்யும் எடைக்கல்லையே நகர்த்துகிற ஆள். இப்போது அவன் முழுக்கனமும் தோளில் இறங்கியபோது அவளுக்குச் சுமையாகவே இல்லை. கனத்திருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள்.

உள்ளே வாண்டு எட்டிப் பார்த்தாள்.

அவன் கம்பியை விட்டுவிட்டுக் கையை ஆட்டினான். வாண்டு சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பா இருக்கிறாரா என்று சரிபார்த்துவிட்டு, டீச்சர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எட்டிப் பார்த்தாள். மறுபடி திரும்பிக்கொண்டாள். அவன் கேட்ட பார்வை அதுதான்.

"பார்த்தியா," என்றான் அவன் மெதுவாக. "எப்படிப் பார்க்கிறா பாரு."

அவனால் வெகுநேரம் நிற்க முடியவில்லை. நாத்தனார் வகுப்பிலிருந்து நழுவி வந்து பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடிக்க, அவன் கதவுக்கு நேராக நின்றான். பிறகு நர்ஸ் ஒரு தட்டில் கரண்டியால் தட்டினாள். பள்ளி விட்டது.

வாண்டு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் அவனை உட்கார வைத்திருந்தார்கள்.

"நான் எங்கயாவது போனேனா?"

"போகலை."

"எப்பப் பார்த்தாலும் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சே." வாண்டு யோசித்தாள். "எப்பவும் நிப்பியாப்பா?"

முதல் நாள் மட்டும்தான் கண்ணு, மறுநாளிலிருந்து நீயே போகணும். இதுதான் அந்த வீட்டில் எல்லா அப்பாக்களும் சொன்ன பதில். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"எப்பவும்," என்றான் அவன். "ஸ்கூல்னா வெளிய அப்பா நிப்பேன். நான் எங்க இருந்தாலும் சரி, ஸ்கூல் வாசலுக்கு வந்துடுவேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் வலி இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் எழுந்து நிற்கவில்லை. பள்ளி திறக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வாண்டிடம் எப்படிச் சொல்வது என்று வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தூங்குறார்னு சொல்லு, வெளியூர் போயிருக்கார்னு சொல்லு. அவள் எதையும் கேட்கவில்லை. மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள்.

"அப்பா செத்துட்டார்."

"வீட்டுக்கு வரமாட்டாரா?"

"வரமாட்டார்."

"ஆஸ்பத்திரியில இருக்க மாட்டாரா?"

"அங்கயும் இருக்க மாட்டார்."

வாண்டு தலையாட்டினாள். அழவில்லை. பிள்ளைக்கு எவ்வளவு பக்குவம் என்று வந்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். அவளுக்குமே உள்ளூர ஒரு நிம்மதி. பொய் சொல்லாமல் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க வாண்டு சுறுசுறுப்பானாள். எதிர்வீட்டு அக்காவிடம், "நான் ஏற்கெனவே ஒருவாட்டி போயிட்டேன். எனக்குப் பயமில்லை," என்று பீற்றிக்கொண்டாள். முதல் நாள் காலை, எழுப்பும் முன்பே எழுந்து சாக்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் பணிக்குப் போகும் வழியில் வந்து அவளுக்குத் தலை சீவிவிட்டாள். பேருந்து ஓட்டுநர் சீருடையில் இருந்தாள்.

"டிப்போவுல லீவு தர மாட்டேன்னுட்டான்," என்றாள். "சண்டை போட்டுப் பார்த்தேன். இல்லைன்னா தம்பிக்குப் பதிலா நானே நின்னிருப்பேன்."

"நான் நிக்கிறேன் அண்ணி."

"உனக்கென்ன தலையெழுத்து. உங்க வீட்டுலதான் இந்த வழக்கமே கிடையாதே."

"இருக்கட்டும். நான் நிக்கிறேன்."

நாத்தனார் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

பள்ளி வாசலில் ஒரே அழுகை. ஒரு பிள்ளை கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. ஓர் அப்பா மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "போய்ட்டு உடனே வந்துடலாம், போய்ட்டு உடனே வந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே திரும்ப வீட்டுப்பக்கம் நடந்தார், அவருடைய மனைவி பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாண்டு ஒருவரையும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டும்போது நின்று, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை விட்டுவிட்டு நேராக உள்ளே போனாள்.

"இந்தப் பிள்ளையைப் பாருங்க," என்றார் வாயிற்காவலர். "கலெக்டர் மாதிரி போகுது."

முதல் வகுப்பு கீழ்த்தளத்தில், வாசலைப் பார்த்த ஜன்னலோடு இருந்தது. அவள் கதவுக்கு வெளியே, நடுவில், ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டாள். மற்ற பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வாயிற்காவலர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். வேண்டாம் என்றாள்.

"பிள்ளைதான் தைரியமா போயிடுச்சே. நீங்க கிளம்புங்கம்மா."

"எங்க வீட்டு வழக்கம்," என்றாள். சொன்ன பிறகுதான், எங்கள் வீடு என்று அவள் அந்த வீட்டைச் சொல்லியிருப்பது உறைத்தது.

ஜன்னலில் வாண்டின் முகம் தெரிந்தது. அவள் வாசலில் நின்றபடி கையை ஆட்டினாள். அவன் ஆட்டியதைப் போலவே, கையை உயர்த்தி, விரல்களை விரித்து ஆட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சரிபார்க்கும் அந்தப் பார்வை தன்மேல் விழப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாண்டு பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. உள்ளங்கையைப் பக்கவாட்டில் தள்ளினாள்.

புரியாமல் அவள் மறுபடி கையை ஆட்டினாள். வாண்டு மறுபடி தள்ளினாள், இந்த முறை இரண்டு கையாலும்.

"பாப்பா உங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுதும்மா," என்றார் காவலர்.

வெயில் கூசுகிறதோ என்று அவள் ஓரடி நகர்ந்தாள். இன்னும் என்று கை சொன்னது. இன்னும் நகர்ந்தாள். மதிற்சுவர் வரைக்கும் போய்விட்டாள். வாண்டு ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"அம்மா, மறைக்காத. அப்பா வந்தா தெரியாது."

காவலர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்பா இப்பத்தான் வர்றாரா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரமாட்டார். ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டார். இரண்டு இடத்தைத்தான் வாண்டு கேட்டாள். இரண்டுக்கு மட்டும்தான் அவளும் பதில் சொல்லியிருந்தாள். மூன்றாவது இடத்தைக் கேட்க வேண்டிய தேவை வாண்டுக்கு இருக்கவில்லை. அதை அவளுக்கு அப்பாவே சொல்லியிருந்தார். அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை அழாமல் இருந்தது பக்குவத்தால் அல்ல. பள்ளி திறக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் சுவரோரம் நின்றாள். வாண்டு வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்தாள், உள்ளே திரும்பினாள், மறுபடி எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள், உள்ளே திரும்பினாள். ஒவ்வொரு முறையும் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

நகராமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாயங்காலம்வரை பார்ப்பாள். நாளை பார்ப்பாள். ஒரு வாரம் பார்ப்பாள். பிறகு தானாகவே மறந்துவிடுவாள். லிஃப்ட்காரனின் வாக்கு யார் கையாலும் உடையாமல் மெல்லத் தேய்ந்து போகும். ஆனால் ஜன்னலில் அந்த முகம் மறுபடி வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வகுப்பறையில் ஆசிரியை இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் கூட்டிப் போகிறேன் என்று இவள் கேட்டதும், "கூட்டிட்டுப் போங்க, இது ஒண்ணுதான் அழாம இருக்கு, இதையும் அழ வச்சுடாதீங்க," என்றாள்.

நடைபாதையில் வாண்டை நிற்க வைத்து, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா வரமாட்டாருடா கண்ணு."

"வருவாரு. ஸ்கூலுக்கு வருவாரு."

"இங்கயும் வரமாட்டார். செத்துப்போனவங்க எங்கயும் வரமாட்டாங்க."

"அன்னிக்கு வந்தாருல்ல?"

"அன்னிக்கு உயிரோட இருந்தார்." அவள் மகளின் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. "அது ஸ்கூல் இல்லடா. ஆஸ்பத்திரி. அப்பாவால இவ்வளவு தூரம் வர முடியாதுன்னு, அங்கயே ஸ்கூல் மாதிரி வச்சோம். நான்தான் உன்கிட்ட ஸ்கூல்னு சொன்னேன்."

வாண்டு கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அந்த டீச்சர்?"

"நர்ஸ்."

"ஒண்ணுக்கு கேட்ட மாமா?"

"அவர் டாக்ஸி ஓட்டுறவர். கால் உடைஞ்சிருந்துச்சு."

"எல்லாம் பொய்யா?"

"ஆமா."

"அப்பாவும் பொய் சொன்னாரா?"

ஆமாம் என்று சொன்னால் அவன் கடைசியாகச் சொன்ன சந்தோஷமான வாக்கியம் போய்விடும். இல்லை என்று சொன்னால் பிள்ளை மறுபடி ஜன்னலுக்குப் போய்விடும்.

"அப்பா நின்னது நிஜம்," என்றாள் கடைசியில். "அவரால நிக்கவே முடியலை. உனக்காக நின்னார். எப்பவும் நிப்பேன்னு சொன்னதுதான் முடியலை. முடியணும்னு ஆசைப்பட்டார்."

வாண்டு ஷூவின் நுனியால் தரையைத் தேய்த்தாள். கேட்டதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள் போலிருந்தது.

"அப்ப இன்னிக்குத்தான் முதல் நாளா?"

"ஆமா."

"முதல் நாளே அப்பா இல்லையா?"

"நான் நின்னேன். நாள் முழுக்க நிப்பேன்."

"நீ இல்ல." அது கோபம் இல்லை. நாற்காலியைக் காட்டி இது மேஜை இல்லை என்று திருத்துவதைப் போலச் சொன்னாள். பிறகு உதடு பிதுங்கியது. கன்னம் கோணியது. "எனக்கு இந்த ஸ்கூல் வேணாம். அந்த ஸ்கூல்தான் வேணும்."

"கண்ணு..."

"அந்த ஸ்கூல்தான் வேணும்மா. அங்க கூட்டிட்டுப் போ."

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பையோடு, ஷூவோடு, ஒரு பெரிய மூட்டையைப்போல வாண்டு வந்து விழுந்தாள். அப்பா இறந்த அன்று வராத அழுகை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மூச்சுத் திணறி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து அழுதாள்.

"எனக்கும் அந்த ஸ்கூல்தான் வேணும்," என்றாள் அம்மா. அதற்குமேல் அவளுக்கும் தாங்கவில்லை.

அந்த நடைபாதையில் அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு அம்மாக்கள் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைகளிலிருந்து வந்த அழுகையில் இவர்களுடைய அழுகையைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. துடைக்கிற துணியும் வாளியுமாக வந்த ஆயா, ஏதோ பிள்ளை தரையில் கொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவர்கள் பக்கம் வந்தாள். தரையில் கிடந்த இவளுடைய சேலைத் தலைப்பை நனையாமல் எடுத்து இவள் மடியில் போட்டாள்.

"முதல் நாள் இப்படித்தாம்மா," என்றாள். "நாளைக்குச் சரியாயிடும்."

அவள் தலையாட்டினாள். ஆயா அவர்களைச் சுற்றிக்கொண்டு துடைத்தபடியே போனாள்.